தோட்டத்து வைஃபையும் கைப்பேசி மையவலையின் காவல் வாயிலும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் எனப் பரந்து கிடக்கும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் கைப்பேசிக்கு லைன் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் நிலத்தின் மேடுபள்ளத்தையும் மரத்தின் உயரத்தையும் வீட்டுக் கூரையின் தகரத்தையும் பொறுத்தது. பெரிய சாலையில் தெளிவாகக் கேட்ட குரல், குன்றுகளுக்கு நடுவே அமைந்த லயத்து வீட்டின் அடுப்படிக்குள் வந்ததும் அறுந்துபோகிறது. ஈரம் ஏறிய ஓலைகள் வானொலி அலைகளை உறிஞ்சிக்கொள்கின்றன, தகரக் கூரை எஞ்சியதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதே வீட்டில் ஏதேனும் ஒரு வழியில் வைஃபை இணைப்பு இருந்தால், கோபுரத்தின் துணை சிறிதும் இல்லாமல், அந்தக் கைப்பேசியின் வழக்கமான எண்ணுக்கே அழைப்பு வரவும் அதிலிருந்து அழைப்புப் போகவும் இன்று வழி இருக்கிறது. 'வைஃபை அழைப்பு' என்று கைப்பேசியின் அமைப்புப் பக்கத்தில் காணப்படும் இந்த வசதியின் பின்னால், பயனர் கண்ணில் ஒருபோதும் படாத ஒரு கணினி வாயில் நிற்கிறது. பொறியாளர்கள் 'ஈபிடிஜி' என்று சுருக்கி அழைக்கும் அந்தப் பாதுகாப்பு நுழைவாயில் எதைக் காக்கிறது, எந்த இடத்தில் காக்கத் தவறுகிறது என்பது, கோபுரம் எட்டாத குடியிருப்புகளில் வாழ்வோருக்கு மற்ற எவரையும்விட நேரடியாகத் தொடர்புள்ள செய்தி.

தோட்ட மக்கள் இந்த வாயிலை நம்ப வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2020-இல் தொடங்கிய 'ஜென்டேலா' என்னும் தேசிய இலக்கவியல் கட்டமைப்புத் திட்டம், அதன் முதற்கட்டத்தில் நான்காம் தலைமுறை அலைபரப்பை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காட்டுக்கு உயர்த்துவதை இலக்காக வைத்தது. அந்த விழுக்காடு நாட்டின் மொத்த நிலப்பரப்பைக் குறிப்பதன்று; மக்கள் வாழும் பகுதிகளை மட்டுமே அது கணக்கில் எடுத்துக்கொண்டது. லயங்கள் அந்தக் கணக்கில் சேரலாம். ஆனால் பகல் முழுவதும் தொழிலாளர் வேலை செய்யும் செம்பனை நிரைகளும் குலை ஏற்றும் உட்சாலைகளும் குடியிருப்பு அல்ல என்பதால் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றுவிடுகின்றன. மேலும், வரைபடத்தில் அலை எட்டுவதாகக் காட்டப்படும் இடத்தில் வீட்டுச் சுவருக்கு உள்ளேயும் எட்டும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. இதே திட்டத்தின் பகுதியாக 2021-ஆம் ஆண்டின் இறுதிக்குள் நாடு முழுவதும் மூன்றாம் தலைமுறைச் சேவை மூடப்பட்டது. அதன் பிறகு ஓர் அழைப்பு செல்லக்கூடிய வழிகள் நான்காம் தலைமுறை வலை, பழைய இரண்டாம் தலைமுறை வலை, வைஃபை ஆகிய மூன்றாகக் குறைந்தன.

வாட்ஸ்அப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழும். வாட்ஸ்அப்பில் பேசுவதற்கு மறுமுனையில் இருப்பவரும் அதே செயலியில் இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையின் தொலைபேசிக்கும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் அலுவலகத்துக்கும் செயலி வேண்டாத சாதாரணக் கைப்பேசி வைத்திருக்கும் முதியவருக்கும் எண்ணைச் சுழற்றித்தான் பேச முடியும். சில சேவைகளின் ஒருமுறைக் குறியெண் இன்னும் குறுஞ்செய்தியாகவே வருகிறது. வாட்ஸ்அப் கணக்கைப் புதிய கைப்பேசியில் திறப்பதற்கே பொதுவாக அப்படியொரு குறியெண் தேவைப்படுகிறது. அந்தக் குறுஞ்செய்தியும் இந்த நுழைவாயிலின் வழியே லயத்து வீட்டுக்குள் வந்து சேர முடியும் என்பதே இந்த ஏற்பாட்டின் பெரும்பயன்.

கைப்பேசி நிறுவனம் ஒன்றின் கட்டமைப்பை இரண்டு பகுதிகளாகக் காணலாம். கோபுரங்களும் அவற்றில் பொருத்திய வானொலிக் கருவிகளும் சேர்ந்தது அணுகுவலை. அழைப்பவர் யார், அவருக்கு எந்தச் சேவைகள் உரியவை, அவருக்கு வரும் அழைப்பை எங்கே திருப்ப வேண்டும், அதற்கு எவ்வளவு கட்டணம் என்பவற்றையெல்லாம் முடிவுசெய்யும் கணினிகளின் தொகுதி மையவலை. கோபுரத்திலிருந்து மையவலைக்குச் செல்லும் பாதை முழுவதும் நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பதால் அந்தப் பக்கத்துக் கதவை அது ஓரளவு தளர்வாக வைத்திருக்க முடியும். வைஃபையின் நிலை வேறு. தோட்ட அலுவலகத்தில் இருக்கும் ரௌட்டர், பக்கத்து வீட்டுக்காரர் பகிர்ந்துகொண்ட இணைப்பு, சிரம்பான் பேருந்து நிலையத்துக் கடையின் இலவச வைஃபை ஆகிய எதையும் நிறுவனம் அமைக்கவில்லை. அவற்றை யார் கண்காணிக்கிறார்கள், யார் ஒட்டுக்கேட்கிறார்கள் என்பதும் அதற்குத் தெரியாது. உலகக் கைப்பேசித் தரங்களை வகுக்கும் '3ஜிபிபி' என்னும் கூட்டமைப்பு இத்தகைய இணைப்புகளை 'நம்பப்படாத அணுகல்' என்று வகைப்படுத்தியது. வைஃபையின் கடவுச்சொல் வலிமையானதா, கருவி விலையுயர்ந்ததா என்பது இந்த வகைப்பாட்டைத் தீர்மானிப்பதில்லை. சிம் அட்டையை வழங்கிய தாய் நிறுவனமே அதைத் தீர்மானிக்கிறது. ஆகவே தோட்ட நிர்வாகம் எவ்வளவு ஒழுங்காகப் பராமரித்தாலும் அதன் வைஃபை மாக்சிஸுக்கோ செல்கோம்டிஜிக்கோ நம்பப்படாததாகவே இருக்கும். இதில் எவருக்கும் இழிவில்லை. நடுவழியில் இருப்பவர் எவரையும் நம்பத் தேவையில்லாதபடி பாதையை அமைப்பதற்கான தொடக்கப்புள்ளி இது.

இந்தச் சிந்தனைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. இரண்டாம் தலைமுறை அழைப்புகளை இணையத்தின் வழியே கொண்டுசெல்லும் முறை 2005-ஆம் ஆண்டளவில் தரப்படுத்தப்பட்டது. 2007-இல் அமெரிக்காவின் டி-மொபைல் அதை வீட்டு வைஃபை சேவையாக விற்றது. நான்காம் தலைமுறைக்கான 3ஜிபிபியின் எட்டாம் வெளியீடு 2008-இல் நிறைவுற்றபோது ஈபிடிஜி என்னும் வாயில் அதில் வரையறுக்கப்பட்டது. 2014-இல் ஐஃபோனில் வைஃபை அழைப்பு இடம்பெற்ற பின்னர் பல நாடுகளின் நிறுவனங்கள் அதை நிறுவத் தொடங்கின. இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கின. மலேசியாவின் பெரிய கைப்பேசி நிறுவனங்களும் இச்சேவையை வழங்குகின்றன.

லயத்து வீடொன்றில் கைப்பேசி வைஃபையுடன் இணைந்த கணத்திலிருந்து நிகழ்வதைப் படிப்படியாகக் காண்பது இதை விளங்கிக்கொள்ளச் சிறந்த வழி. முதலில் கைப்பேசி தன் நிறுவனத்தின் வாயில் இணையத்தில் எங்கே இருக்கிறது என்று தேடுகிறது. அதற்கான முகவரியை யாரும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. சிம் அட்டையில் உள்ள நாட்டு எண்ணையும் நிறுவன எண்ணையும் சேர்த்துக் கைப்பேசி அதைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. மலேசியாவின் நாட்டு எண் 502. மாக்சிஸின் எண் 12, டிஜியின் எண் 16, யூ மொபைலின் எண் 18, செல்கோமின் எண் 19. இந்த எண்களைக் கொண்ட பெயரை இணையத்தின் பெயர்ப்பதிவேட்டில் கேட்டதும் வாயிலின் முகவரி கிடைக்கிறது.

முகவரி கிடைத்தவுடன், 'ஐகேஇ' என்னும் சாவிப் பரிமாற்ற நெறிமுறையின்படி கைப்பேசியும் வாயிலும் பேசத் தொடங்குகின்றன. ஒவ்வொரு தரப்பும் தனக்கு மட்டுமே தெரிந்த ஒரு பேரெண்ணைத் தற்செயலாகத் தேர்ந்து, அதிலிருந்து கணக்கிட்ட வேறோர் எண்ணை மட்டும் எதிர்த்தரப்புக்கு அனுப்புகிறது. இரு தரப்பும் தம்மிடம் உள்ள இரகசிய எண்ணையும் வந்து சேர்ந்த எண்ணையும் கொண்டு இருவருக்கும் பொதுவான ஒரே இரகசியச் சாவியை அடைகின்றன. நடுவில் நின்று இரண்டு செய்திகளையும் முழுமையாகப் படித்தவரால்கூட அந்தச் சாவியைக் கணக்கிட முடியாது. விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976-இல் வெளியிட்ட இந்தக் கணித முறையின் மேல்தான் இன்றைய இணையப் பாதுகாப்பின் பெரும்பகுதி நிற்கிறது. இரகசிய எண் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேரப்பட வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. இந்த நிபந்தனை மீறப்பட்டதன் விளைவு பின்னர் வருகிறது.

சாவி உருவான பிறகு அடையாளச் சோதனை தொடங்குகிறது. கைப்பேசி தன் சந்தாதாரர் அடையாள எண்ணைச் சொல்கிறது. வாயில் அதை மையவலையின் சான்றளிப்புக் கணினிக்கு அனுப்புகிறது. சிம் அட்டைக்குள் பதிந்திருக்கும் 128 பிட் இரகசியச் சாவியின் மற்றொரு பிரதி நிறுவனத்தின் பாதுகாப்பான தரவகத்தில் மட்டுமே இருக்கிறது. அங்கிருந்து ஒரு தற்செயல் எண்ணும், அதை அனுப்புவது உண்மையான நிறுவனமே என்பதற்கான சான்றும் சேர்ந்து வருகின்றன. சிம் அட்டை முதலில் அந்தச் சான்றைச் சோதிக்கிறது. சரியாக இருந்தால் மட்டுமே தன் இரகசியச் சாவியைக் கொண்டு விடையைக் கணக்கிட்டு அனுப்புகிறது. சந்தாதாரர் உண்மையானவர் என்று நிறுவனமும் நிறுவனம் உண்மையானது என்று சந்தாதாரரும் உறுதிசெய்துகொள்ளும் இந்த இருவழிச் சோதனையில், இரகசியச் சாவி சிம் அட்டையை விட்டு ஒருபோதும் வெளியேறுவதில்லை. தோட்ட அலுவலக ரௌட்டரை நடத்துபவர் இந்த உரையாடல் முழுவதையும் பதிவுசெய்தாலும் அதைக் கொண்டு வேறொருவர் பெயரில் அழைப்பு எடுக்க முடியாது.

சோதனை முடிந்ததும் கைப்பேசிக்கும் வாயிலுக்கும் இடையே 'ஐபிசெக்' என்னும் குறியாக்கச் சுரங்கவழி திறக்கிறது. மையவலையின் உள்முகவரி ஒன்று கைப்பேசிக்குக் கிடைக்கிறது. அது இருக்கும் இடம் லயத்து வீடாகவே இருந்தாலும், வலையமைப்பின் பார்வையில் அது உள்ளே வந்து அமர்ந்துவிட்ட கருவி. அதன் பிறகு அழைப்பும் குறுஞ்செய்தியும் சுரங்கவழியினுள்ளே செல்கின்றன, கட்டணமும் பொதுவாகச் சாதாரண அழைப்பைப் போலவே கணக்காகிறது. குரல் நொடிக்கு ஐம்பது சிறு பொதிகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. நொடிக்கு 12.65 கிலோபிட் மட்டுமே தேவைப்படும் குரலுக்கு, ஒவ்வொரு பொதியின் மேலும் ஏறும் முகவரிகளும் குறியாக்கச் சுமையும் சேர்ந்து, ஒரு திசையில் ஏறக்குறைய 60 முதல் 70 கிலோபிட் வரை ஆகின்றன. பாதுகாப்புக்கான விலை அது. இன்றைய மிக மெதுவான இணைப்பால்கூட அதைத் தாங்க முடியும். இணைப்பின் வேகத்தைக் காட்டிலும் அதன் சீர்மையே குரலின் தெளிவைத் தீர்மானிக்கிறது. ஒரே ரௌட்டரில் பத்துக் குடும்பங்கள் காணொளி பார்க்கும் மாலை வேளையில் பொதிகள் தாமதித்தும் தவறியும் வருவதால்தான் குரல் உடைகிறது.

இவ்வளவு கவனமாக வகுக்கப்பட்ட வாயிலிலும் ஓட்டைகள் காணப்பட்டிருக்கின்றன. அவற்றை மறைப்பது பயனருக்குச் செய்யும் நன்மையாகாது. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களான பியர்ஸ் ஓஹான்லன், ரவிசங்கர் போர்கௌங்கர் ஆகியோர் 2016-இல் ஒரு குறையை வெளிப்படுத்தினர். வாயில் தன்னை நிரூபிப்பதற்கு முன்பாகவே கைப்பேசி தன் சந்தாதாரர் அடையாள எண்ணை அனுப்பிவிடுவதால், வைஃபையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் போலி வாயிலாக நடித்து அந்த எண்ணைப் பிடித்துவிட முடியும். குரலை அவரால் கேட்க முடியாது, சோதனையின் அடுத்த படியைத் தாண்டவும் முடியாது; ஆனால் குறிப்பிட்ட சிம் அட்டைக்குரியவர் இந்த நேரத்தில் இந்த வைஃபையில் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். முதலாளியின் இடத்தில் முதலாளியின் வைஃபையையே பயன்படுத்தி வாழும் தொழிலாளிக்கு இது வெறும் ஏட்டளவிலான கவலையன்று. நிலையான எண்ணுக்குப் பதிலாகத் தற்காலிக அடையாளத்தைப் பயன்படுத்தும் வழி தரத்தில் இருக்கிறது. அதைச் செயல்படுத்துவது நிறுவனங்களின் கையில் உள்ளது. ஐந்தாம் தலைமுறையில் ஈபிடிஜியின் இடத்துக்கு வரும் புதிய வாயிலில், நிரந்தர எண்ணைத் தாய் நிறுவனத்தின் பொதுச்சாவியால் மறைத்தே அனுப்ப முடியும் என்பது உண்மையான முன்னேற்றம்.

இரண்டாவது குறை இதைவிடக் கடுமையானது. வியன்னாப் பல்கலைக்கழகம், எஸ்பிஏ ரிசர்ச், ஜெர்மனியின் சிஸ்பா ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 13 கைப்பேசி நிறுவனங்களின் வாயில்கள், ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேர வேண்டிய இரகசிய எண்ணுக்குப் பதிலாக, அனைத்துக்கும் பொதுவான ஒரே பத்து எண்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது தெரியவந்தது. ஏறத்தாழ 14 கோடி வாடிக்கையாளர்கள் இதனால் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருந்தனர். அந்தப் பத்து எண்களை அறிந்து, வழியில் செல்லும் பொதிகளையும் பிடிக்கக்கூடியவரால் அந்த அழைப்புகளின் சுரங்கவழியைத் திறந்து பார்க்க முடிந்திருக்கும். பிழை இசட்டிஈ நிறுவனம் வழங்கிய கருவிகளிலிருந்து வந்தது; ஆய்வாளர்கள் முன்கூட்டியே தெரிவித்ததை அடுத்து அது திருத்தப்பட்டது. மீடியாடெக் சில்லுகள் சிலவற்றில், பலவீனமான குறியாக்கத்துக்கு இறங்கச் சொன்னால் கைப்பேசி இணங்கிவிடும் குறையையும் அதே ஆய்வு கண்டறிந்தது. அத்தகைய சில்லுகள் விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றில் இருப்பதால், மென்பொருள் புதுப்பிப்பை வேலையற்ற வேலையென்று தள்ளிவிடாமல் ஏற்றுக்கொள்வது அவசியம். ஆனால் இரகசிய எண் புதிதாகத் தேரப்படுகிறதா என்பதை எந்தப் பயனராலும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இது முழுக்க நிறுவனத்தின் கடமை. அதைத் தணிக்கை செய்து பொதுமக்களுக்கு அறிவிக்கச் சொல்வது ஒழுங்குமுறை ஆணையத்தின் கடமை. கோபுரங்களின் எண்ணிக்கையையும் பதிவிறக்க வேகத்தையும் அளந்து வெளியிடும் அதே அக்கறை, வாயில்களின் உறுதிக்கும் காட்டப்பட வேண்டும்.

பாதுகாப்பு சரியாக இருந்தும் அழைப்பு கிடைக்காமல் போகும் சூழல்களும் உண்டு. அவற்றின் காரணம் பெரும்பாலும் நடுவழியில் இருக்கிறது. வாயிலுடனான உரையாடல் 500, 4500 என்னும் இரண்டு இணையத் துறை எண்களின் வழியே செல்கிறது. பள்ளி, அலுவலகம், சமூக இணைய மையம் போன்ற இடங்களில் பாதுகாப்புக் கருதித் தெரியாத துறைகளையெல்லாம் மூடிவைக்கும் வழக்கம் இருப்பதால், இணையப் பக்கங்களும் காணொளிகளும் நன்றாக வந்தும் வைஃபை அழைப்பு மட்டும் பதிவாகாமல் நிற்கும். ஆணையத்தின் ஆதரவில் இயங்கும் 'நாடி' என்னும் சமூக இணைய மையங்களையோ தோட்டக் குடியிருப்புகளுக்கான பொது வைஃபையையோ நடத்துபவர்கள் இந்த இரண்டு துறைகளையும் திறந்துவைப்பது, செலவே இல்லாமல் நூற்றுக்கணக்கானோருக்குத் தொலைபேசியைக் கொண்டுவந்து கொடுப்பதற்குச் சமம். மற்றொரு சிக்கல், ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல கருவிகள் ஒளிந்து நிற்பதால் வருவது. ரௌட்டர் சும்மா இருக்கும் இணைப்பை விரைவில் மறந்துவிடும் என்பதால், வழி மூடிப்போகாமல் இருக்க வழக்கமாக 20 நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு பொதி அனுப்பப்படுகிறது. அது தவறினால் உள்வரும் அழைப்பு மணியடிக்காமலே போய்விடும். 2023-இல் மலேசியாவில் உரிமம் பெற்ற ஸ்டார்லிங்க் போன்ற தாழ்வட்டச் செயற்கைக்கோள் இணைப்புகளின் மேலும் இந்தச் சுரங்கவழி செல்லும். ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களின் வழியே சென்றாலும் இணைப்பு அமையும்; ஆனால் ஒரு சொல்லுக்கு மறுசொல் திரும்ப அரை நொடிக்கு மேல் ஆவதால் ஒருவர் பேச்சில் மற்றவர் இடறுவது தவிர்க்க முடியாதது.

பேசிக்கொண்டே வீட்டை விட்டு வெளியே நடந்தால் என்ன ஆகும் என்பதும் கவனிக்கத்தக்கது. மையவலைக்குள் உள்முகவரியை வழங்கும் கணினி, வைஃபைக்கும் நான்காம் தலைமுறைக்கும் பொதுவானதாக இருப்பதால், வெளியே நல்ல நான்காம் தலைமுறை அலை இருந்தால் அழைப்பு அறுபடாமல் கோபுரத்துக்கு மாறிவிடும். இரண்டாம் தலைமுறை அலை மட்டுமே எட்டும் விளிம்புகளில், நடைமுறையில், அழைப்பு அறுந்துவிடுகிறது. வைஃபை எட்டும் தூரம் லயத்தின் வாசலோடு முடிந்துவிடுவதால், காட்டுக்குள் வேலை செய்பவருக்கு இந்த வாயில் எந்த உதவியும் செய்ய முடியாது. தோட்டத்தில் வைஃபை வந்துவிட்டது, இனிக் கோபுரம் எதற்கு என்ற வாதத்தை எவரும் முன்வைத்தால் அதை ஏற்பதற்கில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் தன் இந்திய சிம் அட்டையை அகற்றாமல் வைத்திருந்தால் வேறொரு காட்சி தோன்றும். அந்த சிம் 502-க்குப் பதிலாக இந்தியாவின் 404 அல்லது 405 என்னும் எண்ணைக் கொண்டு முகவரி தேடுவதால், அவரது நிறுவனம் அனுமதித்திருக்கும்போது, பகாவ் தோட்டத்து வைஃபையிலிருந்து கிளம்பும் சுரங்கவழி இந்தியாவில் உள்ள வாயிலில் போய்த் திறக்கும். ஊரிலிருந்து வரும் அழைப்பும் வங்கியின் குறுஞ்செய்தியும் அதன் வழியே வந்து சேரும். நிறுவனத்துக்கு நிறுவனம் விதிகளும் கட்டணமும் வேறுபடுவதால் முன்னரே கேட்டறிந்துகொள்வது நல்லது.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று எஞ்சியிருக்கிறது. 999 என்ற அவசர எண்ணை அழைக்கும்போது கைப்பேசி முதலில் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் கோபுரம் எட்டுகிறதா என்றே தேடும்; எதுவும் எட்டாதபோதுதான், நிறுவனமும் கருவியும் இடம்கொடுத்தால், வைஃபையின் வழியே செல்லும். கோபுரத்தின் வழியே வரும் அழைப்பில் அழைப்பவர் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்பதைக் கோபுரமே ஓரளவு காட்டிவிடுகிறது. நம்பப்படாத வைஃபையின் வழியே வரும் அழைப்பில் வாயிலுக்குத் தெரிவது ஓர் இணைய முகவரி மட்டுமே; அது எந்தக் குன்றின் பின்னால் இருக்கும் எந்த வீடு என்பதை அது சொல்லாது. பதிவுசெய்த முகவரியை நாடலாமென்றால், தோட்டத்தில் வாழ்வோர் பலருக்குத் தெருப்பெயரும் வீட்டு எண்ணும் இல்லாமல், கடிதமெல்லாம் வந்துசேரும் தோட்ட அலுவலகத்தின் முகவரியே எல்லாருக்கும் பொது முகவரியாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்புள்ள தோட்டத்தில் அந்த அலுவலகம் அழைத்தவரின் வீட்டிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியிருக்கலாம். ஆகவே வைஃபையில் 999-ஐ அழைப்பவர், தான் சொல்லாமலே தன் இடம் தெரிந்துவிடும் என்று எண்ணாமல், தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தின் வரிசை, பெரிய சாலையிலிருந்து உள்ளே வரும் வழி ஆகியவற்றை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் ஒவ்வொரு லயத்துக்கும் எண்ணும் அமைவிடமும் குறித்த பட்டியலை அருகிலுள்ள மருத்துவமனைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் கொடுத்துவைக்க வேண்டும்.